வள்ளி திருமண நாடகத்தில் பாட்டும் வேடப் பொருத்தமும்

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழுள் நாடகம் இறுதியில் வைத்து எண்ணப்படுகின்றது. ஏனைய இரண்டையும் அது தன்னுள் அடக்கிக் கொண்டிருப்பதே அதற்குக் காரணம் என்பர். இக்கூற்றின் உண்மையை அறிய விரும்புவோர்க்கு ‘வள்ளி திருமணம்’ என்னும் நாடகம் ஒன்றே போதும். அதில் பேச்சும் உண்டு, பாட்டும் உண்டு. ஆயினும் பாட்டை எடுத்துவிட்டால் எஞ்சி நிற்பது கதைச் சுருக்கமேயன்றி நாடகம் ஆகாது.

ஜொகூர் மாநிலத்தின் நடுவே அமைந்த குளுவாங், இருப்புப் பாதையும் ரப்பர்த் தோட்டங்களும் வளர்த்த ஊராகும். இதனையொத்த ஊர்களில் குடியேறிய தமிழ் மக்கள் தம்முடன் கொண்டுவந்த கலைச் செல்வங்களுள் வள்ளி, பவளக்கொடி, அரிச்சந்திரன், நல்லதங்காள் முதலிய நாடகங்களும் அடங்கும். கோயில் திருவிழாக்களின்போது தோட்டத்து மக்களே வேடம் புனைந்து அவற்றை நடித்து வந்தனர். இன்று அந்நாடகங்கள் பெரும்பாலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கோயில் கலை நிகழ்ச்சியிலும் சிற்சில காட்சிகளாகச் சுருங்கிவிட்டன. மேடையேற்றும் பொறுப்பும் தமிழாசிரியர் மீதே விழுகின்றது.

அப்பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்க்கு எழும் முதல் ஐயம் இது: முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பாட்டையா, பாடும் பிள்ளையையா? கேட்டுப் பழகிய திரைப்பாட்டைத் தேர்ந்துகொண்டு, அதற்கேற்ற பிள்ளையைத் தேடுவாரே பலர். அத்தகைய பிள்ளை கிடைக்காதபோது, பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுப் பிள்ளைகளை வாயசைக்கச் செய்வதும் உண்டு. இந்நாடகத்தின் வரலாறு நமக்குக் காட்டும் வழி இதற்கு மாறானது. குரலுக்கு ஏற்ப வேடமும், வேடம் பூண்டவர்க்கு ஏற்பப் பாட்டும் அமைவதே அதன் மரபு. அம்மரபை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒருவர்க்கு மூன்று வேடம்

வள்ளியின் கதை தமிழுக்குப் புதிதன்று. முருகனும் வள்ளியும் கூடிய செய்தி நற்றிணையின் 82 ஆம் பாட்டில் உவமையாக வந்துள்ளது. கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலம் இக்கதையை விரிவாகக் கூறுகின்றது. தினைப்புனம் காக்கும் பெண், அவளை நாடி வரும் தலைவன், உடன் நிற்கும் தோழி ஆகியோர் குறிஞ்சித் திணைப் பாடல்களில் நாம் நன்கறிந்த மாந்தரே. அகப்பாடல் மேடையேறியதே வள்ளி நாடகம் எனினும் பொருந்தும்.

புராணக் கதையில் நாரதர் சொல்லக் கேட்ட முருகன் முதலில் வேடனாக வருகின்றான். நம்பிராசன் வரும்போது வேங்கை மரமாகி நிற்கின்றான். பின்னர் விருத்தனாக வந்து தேனும் தினைமாவும் வேண்டுகின்றான். இறுதியில் விநாயகர் யானையாக வந்து அச்சுறுத்த, வள்ளி அஞ்சிக் கிழவரைத் தழுவிக் கொள்கின்றாள்.

வேடப் பொருத்தம் என்னும் நோக்கில் இக்கதையைக் கண்டால் ஒரு செய்தி புலனாகும். முருகனாக நடிப்பவர் ஒருவரே மூன்று குரலில் பாட வேண்டியவராகின்றார். வேடனாக வரும்போது இளமைத் துடுக்கும், விருத்தனாக வரும்போது நகைச்சுவையும் நடுக்கமும், தெய்வமாகத் தோன்றும்போது கம்பீரமும் அக்குரலில் வேண்டும். வள்ளிக்கோ வேறு வகைத் திறமை வேண்டும். பறவைகளை ஓட்டும் ஆலோலப் பாட்டில் நெடிய குரலும், வேடனோடும் நாரதரோடும் நிகழ்த்தும் தர்க்கத்தில் விரைந்து விடையிறுக்கும் நாவன்மையும் அவளுக்கு இன்றியமையாதவை. நாரதர் வேடம் புராணத்தில் சிறியதே. ஆயினும் மேடையில் அவர் தினைப்புனத்துக்கே வந்து வள்ளியோடு வாதிடுகின்றார். இசைவல்ல நடிகர்கள் அவ்வேடத்தை ஏற்க ஏற்க, நாரதர்-வள்ளி தர்க்கம் இரவின் பெரும்பகுதியைக் கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பாடுபவரால் ஒரு வேடமே பெருத்ததற்கு இது சான்று.

இனிப் பாட்டு வகைகளையும் நோக்குவோம். இந்நாடகத்தில் விருத்தம் உண்டு. அது தாளக்கட்டு இன்றி இராகத்தை விரித்துப் பாடப்படுவது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த கீர்த்தனம் உண்டு. மக்கள் நாவில் எளிதில் நிற்கும் சிந்து உண்டு. இருவர் மாறி மாறிப் பாடும் தர்க்கப் பாட்டும் உண்டு. விருத்தம் பாடுவோரின் இசைப் புலமையைக் காட்டும். சிந்து அவையோரையும் உடன் பாடச் செய்யும். தர்க்கம் நடிப்பவரின் தமிழறிவைச் சோதிக்கும். எல்லாவற்றிலும் ஒருங்கே வல்லவர் அரியர் ஆதலின், நடிப்பவர்க்கு எது கைவந்ததோ அது மிகுந்தும் மற்றவை குறைந்தும் மேடையில் இடம்பெற்று வந்தன.

சுவாமிகளும் சிறுவர்களும்

நாம் இன்று அறியும் வள்ளி திருமண நாடகத்துக்கு வடிவம் தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர் அவர். நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதிய அவர், நடிகராகவும் விளங்கி, பின்னர் நடிகர்களைப் பயிற்றும் வாத்தியாராக வாழ்ந்தார். வாத்தியார் என்பது அந்நாளைய நாடகக் கம்பெனிகளில் எழுதுபவர், பாட்டுச் சொல்லித் தருபவர், வேடம் பகிர்ந்தளிப்பவர் ஆகிய மூவரையும் ஒருங்கே குறித்த சொல். பாட்டும் வேடத் தேர்வும் ஒரே கையில் இருந்தன என்பதை இச்சொல்லே உணர்த்தும்.

1918 ஆம் ஆண்டில் மதுரையில் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். பெரிய நடிகர்கள் வரம்பின்றித் தம் விருப்பம்போல் பேசியும் பாடியும் வந்தமையால், பயிற்சிக்கு அடங்கும் சிறுவர்களை அவர் நாடினார் என்பர். டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் பின்னாளில் புகழ்பெற்றோர் அவ்வாண்டிலேயே அச்சபையில் சேர்ந்தனர். அவர்களுள் டி. கே. சண்முகம் அப்போது ஆறு வயதுப் பாலகர். அச்சிறுவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை, சண்முகம் அவர்களே தம் ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். நூலை எழுதிவிட்டு அதற்கு நடிகரைத் தேடவில்லை. நடிகரைக் கண்ட பின்னரே நூல் எழுந்தது. பிள்ளையின் குரலையும் நினைவாற்றலையும் அறிந்த ஆசிரியர்க்கே இது கைகூடும்.

பாலர் கம்பெனிகளுக்குப் பெரும் பகையாக இருந்தது காலம். சிறுவர்க்குப் பருவம் மாறும்போது குரல் கனத்து உடையும். இதனை நாடகத் துறையினர் ‘மகரக்கட்டு’ என்றனர். வள்ளியாகவும் வேலனாகவும் பாடிப் புகழ்பெற்ற சிறுவன், மகரக்கட்டு வந்தவுடன் உச்சத்தில் பாட இயலாமல் தவிப்பான். அவன் பாடிய இடத்துக்கு இன்னொருவன் வருவான். பாடிய வாயைப் பேச்சு வேடத்துக்குப் பழக்கிக் கொள்ள வேண்டும். இயலாதவர்கள் கம்பெனியை விட்டே நீங்கினர். வேடப் பொருத்தம் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று, குரல் மாறுந்தோறும் மீண்டும் செய்ய வேண்டியது என்னும் பாடத்தை அக்கம்பெனிகள் இவ்வாறு கற்றன.

கட்டையும் குரலும்

பாட்டுக்கும் வேடத்துக்கும் உள்ள உறவைச் சுருதி கொண்டு விளக்கினால் எளிதில் விளங்கும். ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துப் பாடகரின் சுருதியைக் குறிப்பது நம் வழக்கம். வயது வந்த ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்னும் அளவில் பாடுவர். பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவர். மகரக்கட்டு வராத சிறுவர்க்கும் ஏறத்தாழப் பெண்களின் சுருதியே ஏற்றது.

எனவே சிறுவர் மட்டுமே நடித்த கம்பெனியில் வேலனும் வள்ளியும் ஒரே சுருதியில் நின்று தர்க்கம் பாடுவதில் இடர் இல்லை. ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கிய பின் இவ்விடர் தோன்றியது. ஒரு கட்டையில் பாடும் வேலனும் ஐந்து கட்டையில் பாடும் வள்ளியும் ஒரு பாட்டைப் பங்கிட்டுக் கொள்வது எங்ஙனம்? ஒருவர் இறங்க வேண்டும், அல்லது மற்றவர் ஏற வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் இறங்கிப் பாடினால் கடைசி வரிசையில் இருப்பவர்க்கு எட்டாது. ஆகவே உயர்ந்த சுருதியில் உச்சத்தைத் தொட்டுப் பாடவல்ல ஆடவரே வேலன் வேடத்துக்கு உரியவர் ஆயினர்.

அவ்வகையில் ஒப்பற்றவராக விளங்கியவர் செங்கோட்டையில் 1906 இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா. அவர்க்கு ஈடாகப் பாடவல்ல வள்ளியாக அமைந்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். 1926 ஆம் ஆண்டில் இலங்கையில் சந்தித்த இவ்விருவரும் அடுத்த ஆண்டில் மணம் புரிந்து கொண்டனர். அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் தோன்றிய மேடைகளில் கதை எல்லார்க்கும் தெரிந்ததே. இன்று யார் எந்தப் பாட்டை எப்படிப் பாடுவார், மற்றவர் அதற்கு எங்ஙனம் விடை பாடுவார் என்பதைக் கேட்கவே மக்கள் திரண்டனர். இருவரும் சமவலிமை உடையவர் ஆதலின் தர்க்கம் உண்மையான தர்க்கமாயிற்று. ஒருவர் வலியராகவும் மற்றவர் மெலியராகவும் இருந்திருப்பின் அது நிகழ்ந்திராது.

கிட்டப்பா 1933 ஆம் ஆண்டு டிசம்பரில், 27 ஆம் வயதில் காலமானார். அதன்பின் சுந்தராம்பாள் எந்த ஆடவரோடும் இணைந்து காதலியாக நடிக்கவில்லை. 1935 இல் வெளிவந்த ‘நந்தனார்’ திரைப்படத்தில் அவரே நந்தனாராக ஆண்வேடம் பூண்டார். வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். 1953 இல் ஜெமினி நிறுவனத்தின் படத்தில் சுந்தராம்பாள் ஔவையாராகத் தோன்றினார். அதற்கு முன்னரே, 1940களில், டி. கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்து ‘அவ்வை சண்முகம்’ என்னும் பெயரே பெற்றுவிட்டார். பெண் நந்தனாராகவும் ஆண் ஔவையாராகவும் நடித்ததை அவையோர் ஏற்றுக் கொண்டனர். நம் நாடக மரபில் தோற்றப் பொருத்தத்தினும் குரற் பொருத்தமும் உணர்வுப் பொருத்தமுமே மேலாக மதிக்கப்பட்டன என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

பார்ட்டும் பங்சாவானும்

கம்பெனிகளுக்குப் பின் வேரூன்றியது ‘ஸ்பெஷல் நாடகம்’. இதில் நிலையான கம்பெனி இல்லை. ஊரார் அழைப்பின் பேரில் ராஜபார்ட்டு ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டு வேறோர் ஊரிலிருந்தும், பபூன் பிறிதோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வர். ஒத்திகை இன்றி அன்றிரவே நாடகம் தொடங்கும். இது எங்ஙனம் இயலும் எனின், சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லார்க்கும் பொதுவாகத் தெரிந்திருந்தமையால் இயன்றது. நூல் பொதுவானது, பாடும் முறை அவரவர்க்கு உரியது. எந்த இராகத்தில் எடுப்பது, எந்தப் பாட்டை விடுப்பது என்பனவற்றை ஆர்மோனியக்காரரும் நடிகரும் மேடையிலேயே முடிவு செய்து கொள்வர்.

இம்முறைக்கு நம் நாட்டிலேயே ஓர் இணை உண்டு. மலாய் மக்களின் பங்சாவான் என்னும் இசை நாடகம் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் பினாங்கில் தோன்றி வளர்ந்தது. நம் நாடகக் கம்பெனிகளும் திரைச்சீலை, காட்சி அமைப்பு முதலியவற்றைப் பார்சி நாடகக் குழுக்களிடமிருந்தே பெரிதும் கற்றன. பங்சாவானிலும் எழுதி முடித்த வசனத்தைக் காட்டிலும் வேட வகையே முதன்மை பெற்றது. நாயகன் ‘ஓராங் மூடா’ என்றும், தலைமைப் பாடகியாகிய நாயகி ‘செரி பங்குங்’ என்றும் வழங்கப்பட்டனர். நகைச்சுவைக்கும் பூத வேடத்துக்கும் தனித்தனி நடிகர் இருந்தனர். நம் ராஜபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு, பபூன் என்பனவற்றோடு இவற்றை ஒப்பிட்டுக் காணும் ஆசிரியர், இரு மொழி மாணவர்க்கும் பயன்படும் நல்லதொரு பாடத்தைப் பெறுவர்.

திரை செய்த மாற்றம்

திரைப்படம் வந்த பின் பாட்டும் வேடமும் முதன்முறையாகப் பிரிந்தன. வள்ளி கதையே இதற்கும் எடுத்துக்காட்டாக அமைந்தது வியப்பே. 1945 ஆம் ஆண்டில் ஏவி. எம். எடுத்த ‘ஸ்ரீ வள்ளி’யில் டி. ஆர். மகாலிங்கம் முருகனாகவும் குமாரி ருக்மிணி வள்ளியாகவும் நடித்தனர். மகாலிங்கம் மேடையில் பாடிப் பழகிய உச்சக் குரலினர். அவர்க்கு இணையாக ருக்மிணியின் பாட்டு அமையவில்லை எனக் கருதி, படம் எடுத்து முடித்த பின்னர் பி. ஏ. பெரியநாயகியின் குரலை அப்பாட்டுகளுக்குச் சேர்த்தனர். உருவம் ஒருவர், குரல் ஒருவர் என்னும் நிலை இவ்வாறு வள்ளிக்கும் வந்தது.

1961 ஆம் ஆண்டில் சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த ‘ஸ்ரீ வள்ளி’ வந்தபோது, முன்பு முருகனாக நடித்த மகாலிங்கம் நாரதராகத் தோன்றினார். வேலனாகும் பருவம் கடந்தது. பாடும் ஆற்றல் குன்றவில்லை. அத்தகையவர்க்கு உரிய வேடம் நாரதரே. பழைய மேடை அறிவு இங்குத் திரையிலும் வேலை செய்தது.

மேலைநாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தைத் தழுவி, ‘மை ஃபேர் லேடி’ என்னும் இசை நாடகம் 1956 இல் நியூயார்க்கில் அரங்கேறியது. ஒலியியல் பேராசிரியர் ஒருவர் பூ விற்கும் பெண்ணுக்குப் பேச்சுத் திருத்தம் கற்பிக்கும் கதை அது. பேராசிரியராக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் பாடகர் அல்லர். ஆகவே அவர் பேசுவது போலவே பாடும்படி அவருடைய பாட்டுகள் அமைக்கப்பட்டன. அவையோர் அதனைக் குறையாகக் கருதவில்லை; அப்பேராசிரியரின் இயல்பாகவே ஏற்றனர். 1964 இல் இது திரைப்படமானபோது, மேடையில் நாயகியாகப் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸை விடுத்து ஆட்ரி ஹெப்பர்னை நடிக்க வைத்தனர். பெரும்பாலான பாட்டுகளுக்கு மார்னி நிக்சன் குரல் கொடுத்தார். ஒரே நாடகத்தில், நடிகர்க்காகப் பாட்டை மாற்றிய முறையையும், பாட்டுக்காகக் குரலை மாற்றிய முறையையும் நாம் காண்கின்றோம். முன்னது மேடையின் வழி; பின்னது திரையின் வழி.

பள்ளி மேடைக்குச் சில கருத்துகள்

பதிவுப் பாட்டுக்கு வாயசைக்கும் பிள்ளை, திரையின் வழியை மேடைக்குக் கொண்டு வருகின்றது. அதனால் இழப்பது யாது? தர்க்கப் பாட்டில் எதிராளியின் சொல்லைச் செவிமடுத்து, பொருளுணர்ந்து, தக்க இடத்தில் விடை தொடுக்கும் பயிற்சி கிட்டாமல் போகின்றது. நாடகத்தைத் தமிழாசிரியர் கையில் எடுப்பதே இப்பயிற்சிக்காக அன்றோ! மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் மாணவர் தொகை குறைந்த தோட்டப் பள்ளிகள் பல. ‘எங்கள் பள்ளியில் பாடும் பிள்ளை இல்லை’ என்று அவை இந்நாடகத்தைக் கைவிட வேண்டியதில்லை. மேலே கண்ட மரபே அதற்கு வழி காட்டுகின்றது.

முதலாவது, நாடகப் பகுதியைத் தேர்வதற்கு முன் பிள்ளைகள் எல்லாரையும் பாடவும் படிக்கவும் செய்து கேட்டல் வேண்டும். இனிய குரல் உடைய பெண்ணுக்கே வள்ளி வேடம் என முடிவு கட்டுதல் கூடாது. சுறுசுறுப்பாக விடை சொல்லும் பெண்ணை வள்ளியாக்கி, நன்கு பாடுபவளைத் தோழியாக்கி, ஆலோலப் பாட்டைத் தோழியர் பலர் சேர்ந்து பாடுமாறு அமைக்கலாம்.

இரண்டாவது, சுருதியை இசைத்தட்டோ திரைப்படமோ முடிவு செய்ய விடலாகாது. தர்க்கம் பாடும் இருவருள் எவர் குரல் எளிதில் ஏறாதோ அவர்க்கு ஏற்பச் சுருதியை வைத்தல் நலம். இக்காலத்தில் ஒலிபெருக்கி உண்டாதலின், கடைசி வரிசைக்கு எட்டும் பொருட்டு உச்சத்தில் பாட வேண்டிய தேவையும் இல்லை.

மூன்றாவது, மகரக்கட்டு வந்த மாணவனை ஒதுக்கலாகாது. உடைந்த குரலே விருத்தனுக்குப் பொருத்தமான குரல். வேடன், விருத்தன், முருகன் என்னும் மூன்று வடிவத்தையும் மூன்று மாணவர்க்குப் பகிர்ந்தளிக்கலாம். மரபில் ஒருவரே மூன்றையும் நடிப்பதால், கிழவராய் வந்திருப்பவர் முருகனே என்பதை அவையோர் அறிந்து மகிழ்வர். அம்மகிழ்ச்சி குன்றாதிருக்க, மூவர்க்கும் ஒரே நிறத்துக் கச்சையையோ ஒரே அடையாளத்தையோ அணிவித்தால் போதும்.

நான்காவது, பாடவே இயலாத பிள்ளைக்கு விருத்தத்தைச் செய்யுள் ஓசை கெடாமல் சொல்லப் பழக்கலாம். சீர் பிரித்து, எதுகை மோனை விளங்க, உரிய இடத்தில் நிறுத்திச் சொன்னால் அதுவே ஒருவகை இசையாகும். யாப்பிலக்கணம் வகுப்பில் கற்பிப்பதினும் இங்கு எளிதில் பதியும்.

ஐந்தாவது, விடிய விடிய நடந்த நாடகத்தை அரை மணி நேரத்துக்குச் சுருக்கும்போது, புகழ்பெற்ற பாட்டு எது என்று பாராமல், கதையை நகர்த்தும் பாட்டு எது என்று பார்த்தல் வேண்டும். ஆலோலம் ஒன்று, வேடனோடு தர்க்கம் ஒன்று, விருத்தன் காட்சியில் சிந்து ஒன்று ஆகிய மூன்றும் இருப்பின் கதை நிற்கும். சிறுவர்க்கு ஒவ்வாத காதற் கேலிகளை விடுப்பதில் தடை இல்லை. எந்த மேடையிலும் எல்லாப் பாட்டும் பாடப்பட்டதில்லை.

கைக்குக் கிடைத்த சிறுவர்களின் குரலைக் கேட்டறிந்து, அக்குரலுக்கு ஏற்ப இரவோடிரவாக நாடகம் எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் பாடல்களை அடி பிறழாமல் ஒப்பிப்பது அவர்க்குச் செய்யும் சிறப்பில் ஒரு பாதியே. அவரைப் போல் நம்முன் நிற்கும் பிள்ளைகளின் குரலை முதலில் செவிமடுப்பது மற்றொரு பாதி. ஆசிரியப் பெருமக்கள் இவ்விரண்டையும் செய்வாராயின், பத்துப் பிள்ளைகள் உள்ள பள்ளியிலும் வள்ளிக்குத் திருமணம் நடக்கும்.